தேவாலா செம்மண்ணில் டிடெக்டர் பிடிப்பவர்களுக்கு

நீலகிரி மாவட்டத்தில் தேவாலா, பந்தலூர் பக்கம் 1880-ஐ ஒட்டித் தங்கத்துக்காகக் குடைந்த இடங்களில் உலோகம் தேடும் டிடெக்டரை ஆன் செய்ததும் அது ஓயாமல் கத்தும். மெஷின் கோளாறு என்று நினைத்துப் பலரும் கடைக்குத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். கோளாறு மண்ணில்தான். லண்டனில் பங்கு விற்ற பணத்தில் வந்த கம்பெனிகள் சில ஆண்டுகளிலேயே கவிழ்ந்தன. பாறை நொறுக்கும் ஆலைகளின் இரும்பை விட்டுவிட்டுப் போனார்கள். அந்தத் துருவும், செம்புரைக்கல் மண்ணில் ஏற்கெனவே இருக்கும் இரும்பும் சேர்ந்து கத்துகின்றன.

முதலில் மண்ணைப் பாருங்கள். ஒரு காந்தத்தைப் பாலிதீன் கவரில் போட்டுத் தரையில் இழுங்கள். கறுப்புத் தூளும் மிளகு அளவு சிவப்புக் கற்களும் ஒட்டிக்கொண்டு வந்தால் அது டிடெக்டருக்குக் கடினமான மண். கரி எரித்த இடம், பாய்லர் இருந்த மேடு, சூளை ஆகியவை இன்னும் மோசம். சூடு பட்ட செம்மண்ணின் காந்தத்தன்மை கூடிவிடும். காற்றில் ஓர் அடி தூரத்தில் பிடிபடும் நாணயம் இங்கே நாலு அங்குல ஆழத்திலேயே சந்தேகமாகிவிடும்.

மண்ணின் சத்தத்தை மெஷின் கண்டுகொள்ளாதபடி சரிசெய்வதுதான் கிரவுண்ட் பேலன்ஸ். அதைத் தானாகச் செய்யவிட்டு நடப்பதைவிடக் கையால் செய்வது நல்லது. உலோகம் இல்லாத ஒரு முழ இடத்தைத் தேடிப் பிடித்து, காயிலை (தரைக்கு மேல் வீசும் வட்டத் தலை) ஓர் அடி உயரத்திலிருந்து இரண்டு விரல் உயரம் வரை ஏற்றி இறக்குங்கள். இறக்கும்போதும் ஏற்றும்போதும் சத்தம் மாறாத நிலை வர வேண்டும். மண்ணின் நிறம் மாறும் இடத்திலெல்லாம் மறுபடி செய்யுங்கள். சிவப்பிலிருந்து கறுப்புக் கசடுக்கு நாலு எட்டில் போய்விடலாம், பழைய பேலன்ஸ் அங்கே செல்லாது.

சென்சிட்டிவிட்டியை, அதாவது மெஷினின் உணர்திறனை, குறைக்க மனம் வராது, ஆனாலும் குறைத்தாக வேண்டும். ஈக்வினாக்ஸ் 800 மாடல் டிடெக்டர் வைத்திருப்பவர்கள் 25 வரை ஏற்ற முடியும் என்பதற்காக ஏற்றாதீர்கள். 12, 14-இல் தொடங்கி, சலசலப்பு அடங்கும் இடத்தில் நிறுத்துங்கள். ஒரு சத்தத்துக்குப் பிறகு அடுத்ததற்கு மெஷின் தயாராகும் வேகமான ரெக்கவரி ஸ்பீடை 6, 7-க்கு உயர்த்தினால் ஆழம் கொஞ்சம் போகும், ஆனால் ஆணிக்குப் பக்கத்தில் கிடக்கும் செம்பு தனியாகக் கேட்கும். மெஷினோடு வரும் 11 அங்குலக் காயிலைவிட 6 அங்குலக் காயிலே இங்கே வேலைக்கு ஆகும். பெரிய காயிலின் கீழ் ஒரே நேரத்தில் ஐந்தாறு ஆணிகள் வந்தால் நடுவில் கிடக்கும் நாணயத்தின் சத்தம் அமுங்கிப்போகும். மின்துடிப்பு அனுப்பித் தேடும் பல்ஸ் வகை மெஷின் செம்மண்ணைச் சமாளிக்கும். ஆனால் துருப்பிடித்த ஆணி ஒவ்வொன்றுக்கும் குரல் கொடுத்து, நாள் முழுக்கத் தோண்ட வைக்கும்.

வேண்டாத உலோகத்தை வடிகட்டும் டிஸ்க்ரிமினேஷனை ஏற்றி இரும்பை முழுக்க ஊமையாக்காதீர்கள். இரும்பைத் தாழ்ந்த தொனியில் கேட்க விட்டால்தான் எது எதை மறைக்கிறது என்று புரியும். பெரிய இரும்பு, வளையம், தட்டையான தகடு மூன்றும் ஏமாற்றும், வெள்ளி போல உயர்ந்த தொனி கொடுக்கும். சோதிக்கும் முறை இது. சத்தம் வந்த இடத்தின் சரியான மையத்தைப் பின்பாயிண்ட் செய்யுங்கள். உயர்ந்த தொனி அந்த மையத்திலிருந்து நாலு விரல் தள்ளிக் கேட்டால் பெரும்பாலும் இரும்பு. பிறகு 90 டிகிரி திரும்பி நின்று வீசுங்கள். நாணயம் இரு பக்கமும் ஒரே குரல் தரும். ஆணி ஒரு பக்கம் உயர்ந்தும் மறுபக்கம் உடைந்தும் கேட்கும். காயிலை இரண்டு அங்குலம் தூக்கியதும் சத்தம் சட்டென்று அறுந்தால் அது கல்லாக இருக்கலாம். உலோகம் மெல்ல மெல்லத்தான் தேயும்.

எஸ்டேட் குப்பைக்குத் தனிப் பொறுமை வேண்டும். பழைய தேயிலைப் பெட்டியின் உலோக உள்தாளும் விளிம்புத் தகடும் பழைய லைன் வீடுகளைச் சுற்றி நிறையவே கிடக்கும். உள்தாள் மெஷின் திரையில் தாழ்ந்த எண்ணில் இனிமையாகக் கேட்கும், பாய்லர் கரிக்கட்டியும் அதே எண்ணில்தான் வரும்.

சுரங்க வேலை நடந்த காலத்தைச் சரிபார்க்கக் காலணா உதவும். 1862 முதல் 1876 வரை அடித்தவற்றில் விக்டோரியா குயின் என்றும், 1877 முதல் எம்ப்ரஸ் என்றும் இருக்கும். செம்பில் சுமார் ஆறரை கிராம், 25 மி.மீ. அகலம்.

பென்சில் தடிமனில் ஒரு பக்கம் மூடிய செம்பு அல்லது அலுமினியக் குழாய் கிடைத்தால் கையால் தொடாதீர்கள், சுரண்டாதீர்கள். அது வெடிக்காத டெட்டனேட்டராக இருக்கலாம். மண்ணை மேலே போடாமல் அப்படியே விட்டு, விலகி வந்து போலீஸுக்குச் சொல்லுங்கள். தங்க ஆலைகளில் பாதரசம் புழங்கியது, எனவே கழிவு மணலைச் சலித்து வீட்டுக்குக் கொண்டுவந்து சூடாக்கும் புத்திசாலித்தனம் வேண்டாம். உண்ணிச்செடி மூடிய குழிகள் நிறைய உண்டு. தரையைக் கோலால் குத்திப் பார்த்துவிட்டுக் கால் வையுங்கள். யானை நடமாட்டம் உள்ள பகுதி, ஹெட்போனை ஒரு காதில் மட்டும் மாட்டுங்கள்.

இடம் யாருடையது என்பது இங்கே எளிய கேள்வியல்ல. வனத்துறை, டான்டீ (அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம்), தனியார் எஸ்டேட், ஜென்மி உரிமையை ஒழித்த 1969 சட்டத்துக்குப் பிறகும் இழுபடும் ஜென்ம நிலம் (பழைய ஜென்மிகளின் பரம்பரை நிலம்) எனக் கலந்து கிடக்கிறது. எழுத்தில் அனுமதி இல்லாமல் கால் வைக்காதீர்கள், காட்டுக்குள் போகவே வேண்டாம். 1878-ஆம் ஆண்டு புதையல் சட்டப்படி பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். பத்து ரூபாய் என்பது அந்தக் காலத்துக் கணக்கு, ஆனாலும் சட்டத்தில் அப்படியேதான் இருக்கிறது. நொறுக்கு ஆலையின் பெரிய இரும்புகளைப் படம் எடுத்துவிட்டு இருந்த இடத்திலேயே விடுங்கள்.

கிடைத்த காலணாவைப் புளி போட்டுத் தேய்த்தால் பச்சைப் படலத்தோடு எழுத்தும் போய்விடும். காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, தினமும் நீரை மாற்றி, மண் இளகியதும் மூங்கில் குச்சியால் மெல்ல எடுங்கள். அவசரமாக இருந்தால் ஊறவைக்கவே வேண்டாம், அப்படியே காகிதத்தில் மடித்து வையுங்கள்.