ஜேசன், எக்ஸ்எம்எல், சிஎஸ்வி: ஒவ்வொன்றும் சொல்லாமல் விடுவது

சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு துணி மொத்த வியாபாரிக்காக, விற்பனைச் செயலியில் பதிவாகும் ஆர்டர்களைக் கிடங்குச் செயலிக்குக் கொண்டுசேர்க்கும் இணைப்பை எழுதிக் கொடுத்தேன். எக்ஸ்எம்எல், ஜேசன், சிஎஸ்வி மூன்றும் செயலிகள் பரிமாறிக்கொள்ளும் தரவை எழுதும் வடிவங்கள். விற்பனைப் பக்கம் எக்ஸ்எம்எல் அனுப்பும். அதை ஒரு பொதுவான லைப்ரரியை (ஆயத்த நிரல் தொகுப்பை) கொண்டு பிரித்து, ஜேசனாக மாற்றி, கிடங்குச் செயலி தரவு பெறும் வாயிலான ஏபிஐக்கு அனுப்புவது என் நிரலின் வேலை. சோதனைகள் எல்லாம் சரியாகவே முடிந்தன. நடைமுறைக்கு வந்த பிறகு, ஒரே ஒரு சரக்கு மட்டும் கேட்கப்பட்ட ஆர்டர்கள், எந்தப் பிழைச் செய்தியும் இல்லாமல், சரக்கே இல்லாத ஆர்டர்களாகக் கிடங்கில் பதிவாயின.

காரணத்தைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு முழு நாள் ஆயிற்று. எக்ஸ்எம்எல்லில் பட்டியல் என்று தனியாக ஒன்றும் கிடையாது. ஒரே பெயருடைய உறுப்பு இரண்டு முறை வந்தால் அது பட்டியல் என்று லைப்ரரி ஊகித்துக்கொள்கிறது. ஒரு முறை மட்டும் வந்தால் அது தனிப் பொருளா, ஓர் உறுப்பு மட்டுமே கொண்ட பட்டியலா என்று கோப்பைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. கோப்பில் எது எப்படி வரலாம் என்று வகுக்கும் ஸ்கீமாவைப் படித்தால் தெரியும். ஆனால் நான் பயன்படுத்திய லைப்ரரி ஸ்கீமாவைப் படிக்கவில்லை, நானும் படிக்கவில்லை. என் சோதனைத் தரவில் இருந்த ஆர்டர்கள் அனைத்திலும் குறைந்தது இரண்டு சரக்குகள் இருந்தன. அன்றிலிருந்து ஒரு தரவு வடிவத்தைப் பார்க்கும்போது, அது எவ்வளவு சுருக்கமானது, எவ்வளவு அழகானது என்பதைவிட, எதைச் சொல்லாமல் விடுகிறது, அந்த இடைவெளியை யார் ஊகித்து நிரப்புகிறார்கள் என்பதையே முதலில் பார்க்கிறேன்.

எக்ஸ்எம்எல்லுக்கு இந்தக் குணம் பிறப்பிலேயே வந்தது. 1986இல் ஐஎஸ்ஓ தரமான எஸ்ஜிஎம்எல் என்ற ஆவணக் குறியீட்டு மொழியைச் சுருக்கி, இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி 1998 பிப்ரவரியில் அதை வெளியிட்டது. ஆவணங்களைக் குறியிடுவதே அந்தப் பரம்பரையின் தொழில். ஒரு பத்திக்குள் சில சொற்களைத் தடித்த எழுத்தாக்கி, சிலவற்றுக்கு அடிக்குறிப்பு கொடுத்து, மீதியைச் சாதாரணமாக விடுவதற்கு இன்றும் அதைவிடப் பொருத்தமான வடிவம் எனக்குத் தெரியாது. இரண்டு செயலிகள் பரிமாறிக்கொள்வதோ பெரும்பாலும் பத்திகள் அல்ல. பட்டியல்களும், பெயர்–மதிப்பு இணைகளும்தான். ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் ஏற்கெனவே இருந்த எழுத்துமுறையை எடுத்து, 2001ஆம் ஆண்டளவில் டக்ளஸ் கிராக்ஃபோர்ட் ஜேசன் என்று பெயரிட்டு முன்வைத்தபோது, சதுர அடைப்புக்குறி பட்டியலுக்கு, நெளிவு அடைப்புக்குறி பெயர்–மதிப்புத் தொகுப்புக்கு என்று அந்தப் பிரிவினை கோப்பிலேயே தெரிந்தது. வலைப்பக்கத்தை மீண்டும் ஏற்றாமலே தரவு பெறும், 2005இல் பெயர் சூட்டப்பட்ட 'அஜாக்ஸ்' முறையின் கடைசி எழுத்து எக்ஸ்எம்எல்லைக் குறித்தாலும், நடைமுறையில் அந்த இடத்தை ஜேசன் எடுத்துக்கொண்டதற்கு இந்தப் பொருத்தமே முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன். ஒற்றைச் சரக்கு ஆர்டர் ஜேசனில் வந்திருந்தால் என் இணைப்பு உடைந்திருக்காது.

ஆனால் ஜேசனும் சொல்லாமல் விடுவது நிறைய. முதலில் எண்கள். ஜேசன் இலக்கணம் ஓர் எண்ணில் எத்தனை இலக்கங்கள் வரலாம் என்று வரம்பு வைக்கவில்லை; படிக்கும் மொழிதான் வரம்பு வைக்கிறது. ஜாவாஸ்கிரிப்டின் வழக்கமான எண் வகை 64 பிட் மிதவைப் புள்ளி எண் என்பதால், 9007199254740991க்கு மேலுள்ள எல்லா முழு எண்களையும் அதனால் துல்லியமாக வைத்திருக்க முடியாது. 123456789012345678 என்ற அடையாள எண்ணை பைதான் சர்வர் சரியாக எழுதி அனுப்பும். உலாவி அதைப் படித்து 123456789012345680 என்று காட்டும். எங்கும் பிழை எழாது. வேறொருவருடைய பதிவைத் திறக்க முயல்வோம், அவ்வளவுதான். ட்விட்டர் 2010இல் தன் பதிவு எண்களை 64 பிட் முழு எண்களாக மாற்றியபோது, ஒவ்வோர் அடையாள எண்ணையும் எண்ணாக ஒரு முறையும் எழுத்துச் சரமாக ஒரு முறையும் அனுப்ப வேண்டியதாயிற்று. கணக்கு போடத் தேவையில்லாத எண் எதுவாயினும், அது அடையாள எண்ணோ, அஞ்சல் குறியீடோ, தொலைபேசி எண்ணோ, எழுத்துச் சரமாகவே போக வேண்டும் என்பதில் நான் இப்போது விட்டுக்கொடுப்பதில்லை. பணத்தைப் பைசாக் கணக்கில் முழு எண்ணாக அனுப்பச் சொல்வதும் இதே அச்சத்தால்தான். எக்ஸ்எம்எல் ஸ்கீமாவில் தசம எண்ணுக்கும் தேதிக்கும் தனித்தனி வகைகள் உண்டு. ஜேசனில் தேதி என்ற வகையே இல்லை, எனவே ஆர்எஃப்சி 3339 (ஆர்எஃப்சி என்பது இணைய நெறிகளை வெளியிடும் எண்ணிட்ட ஆவண வரிசை) வடிவில், நேர வலயத்தோடு, எழுத்துச் சரமாக அனுப்புவதென்று இரு பக்கமும் பேசிவைத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது இல்லாமை. ஒரு வாடிக்கையாளரின் தொலைபேசி எண் 'நல்' (மதிப்பு இல்லை என்று குறிக்கும் null) என்று வருவதும், வெற்றுச் சரமாக வருவதும், அந்தப் புலமே (அந்தப் பெயர்–மதிப்பு இணையே) வராமல் இருப்பதும் ஜேசனில் மூன்று வெவ்வேறு நிலைகள். எண் இல்லை, எண் தெரியாது, எண்ணை மாற்ற வேண்டாம் ஆகிய மூன்றில் எது எதைக் குறிக்கிறது என்பதை ஜேசன் சொல்லாது. ஒரு பதிவின் சில புலங்களை மட்டும் திருத்துவதற்காக 2014இல் வந்த ஆர்எஃப்சி 7396, 'நல்' வந்தால் அந்தப் புலத்தை நீக்கு, புலமே வராவிட்டால் இருப்பதைத் தொடாதே என்று தெளிவாக வகுத்தது. அதைப் பின்பற்றுவதாக ஒரே வரியில் எழுதிவைத்தால் எத்தனையோ வாக்குவாதங்களைத் தவிர்க்கலாம். அப்படி எழுதிவைக்காத ஓர் இணைப்பில், முகவரியை மட்டும் திருத்திய வாடிக்கையாளர்களின் தொலைபேசி எண்கள் ஒவ்வொன்றாக அழிந்துகொண்டிருந்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

தமிழில் தரவு அனுப்புவோருக்கு இன்னொரு கவலையும் உண்டு. 'தமிழ்' என்ற சொல்லில் யூனிகோடு கணக்கில் ஐந்து குறிகள். குறிகளைப் பைட்டுகளாக எழுதும் யுடிஎஃப்-8 முறையில் அது 15 பைட். பைதானின் ஜேசன் லைப்ரரி, வேறுவிதமாகச் சொல்லாவிட்டால், ஒவ்வொரு குறியையும் ஆறு ஆஸ்கி (அடிப்படை ஆங்கில) எழுத்துகள் கொண்ட, \u0ba4 போன்ற விடுபடு தொடராக எழுதும். அப்போது அதே சொல் 30 பைட் ஆகிவிடும். பிஎச்பியிலும் இதுவே இயல்பு நிலை. படிக்கும் பக்கத்துக்கு இரண்டும் ஒன்றுதான், ஜிசிப் சுருக்கமும் அளவு வேறுபாட்டில் பெரும்பகுதியைக் குறைத்துவிடும். ஆனாலும் நள்ளிரவில் பதிவுக் கோப்பைத் திறந்து, எந்த வாடிக்கையாளரின் ஆர்டர் நின்றுபோனது என்று தேடும்போது, பெயர் பெயராகத் தெரிய வேண்டும். வெளியாருடன் ஜேசன் பரிமாறும்போது யுடிஎஃப்-8 மட்டுமே என்று 2017இன் ஆர்எஃப்சி 8259 கட்டாயமாக்கியிருப்பதால், விடுபடு தொடர்களை நிறுத்திவிட்டுத் தமிழைத் தமிழாகவே அனுப்பத் தயங்க வேண்டியதில்லை.

மதிப்புகளைக் காற்புள்ளியால் பிரித்து வரிவரியாக எழுதும் சிஎஸ்வியில் அந்த உறுதி இல்லை. அதற்கான ஆர்எஃப்சி 4180 வந்தது 2005இல்தான். அதற்குள் அரைப்புள்ளி, டேப், மேற்கோள் குறி என்று ஆளுக்கொரு வழக்கம் ஊறிவிட்டிருந்தது. யுடிஎஃப்-8 தமிழ்க் கோப்பின் தொடக்கத்தில், குறியாக்கத்தைக் காட்டும் அடையாளமான பைட் வரிசைக் குறி இல்லையென்றால், அதை நேரடியாகத் திறக்கும் எக்செல் பெயர்களைச் சிதைத்துக் காட்டக்கூடும். குறியைச் சேர்த்தாலோ, அதை எதிர்பார்க்காத நிரல் முதல் நெடுவரிசையின் பெயரோடு அதையும் ஒட்டிப் படித்துவிடும். வகைகளே இல்லாத வடிவம் என்பதால் திறக்கும் மென்பொருள் தன் ஊகத்தைத் திணிக்கிறது: முன்னால் உள்ள சுழியங்கள் போய்விடுகின்றன, 15 இலக்கங்களுக்கு மேற்பட்ட எண்களின் கடைசி இலக்கங்கள் சுழியமாகின்றன. மார்ச்1, செப்ட்1 போன்ற மனித மரபணுக்களின் பெயர்களை விரிதாள்கள் தேதியாக மாற்றிக்கொண்டே இருந்ததால், பெயரிடும் குழு அந்தப் பெயர்களையே மாற்ற நேர்ந்தது. இருந்தாலும் லட்சக்கணக்கான வரிகளை, ஒரே அமைப்புள்ள அட்டவணையாக, ஒரு கணக்காளர் திறந்து பார்க்கும்படி அனுப்ப வேண்டுமென்றால் நான் சிஎஸ்வியைத்தான் அனுப்புவேன்.

இவ்வளவு சொன்ன பிறகு எக்ஸ்எம்எல் காலாவதியாகிவிட்டது என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. இந்திய வருமான வரித் துறை 2021–22 மதிப்பீட்டு ஆண்டில் படிவக் கோப்புகளை எக்ஸ்எம்எல்லிலிருந்து ஜேசனுக்கு மாற்றியது. ஆனால் ஆதாரின் காகிதமில்லா ஆஃப்லைன் கேஒய்சி (அடையாளச் சரிபார்ப்பு) எக்ஸ்எம்எல் கோப்பாகவே வடிவமைக்கப்பட்டது, யுபிஐ செய்திகளும் எக்ஸ்எம்எல்லைக் கொண்டே வகுக்கப்பட்டன. அவற்றில் டிஜிட்டல் கையொப்பம் இருக்க வேண்டும் என்பதை நினைத்தால் இது வியப்பளிக்காது. கையொப்பம் பைட்டுகளின் மீது இடப்படுவது. ஓர் இடைவெளி மாறினாலும் அது செல்லாது. பொருள் மாறாமல் பல விதமாக எழுதக்கூடிய ஓர் ஆவணத்தை ஒரே நிலையான வடிவத்துக்குக் கொண்டுவரும் விதிகளை எக்ஸ்எம்எல் 2001இலேயே வகுத்துக்கொண்டது. ஜேசனுக்கு அப்படி ஓர் ஆர்எஃப்சி, 8785, 2020இல்தான் வந்தது. எக்ஸ்எம்எல்லைப் படிப்பவர்கள், என்டிட்டிகளை (ஒரு பெயருக்குப் பதிலாக வேறு உரையைப் புகுத்தும் குறிப்புகளை), அவை வெளிக் கோப்பைச் சுட்டினாலும் கோப்புக்குள்ளேயே வரையறுக்கப்பட்டாலும், விரிக்காதபடி பார்சரை (கோப்பைப் பிரித்துப் படிக்கும் நிரலை) அமைத்துக்கொள்ள வேண்டும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. பத்துப் பத்தாகப் பெருகும் என்டிட்டிகளைக் கொண்ட ஒரு சின்னஞ்சிறு கோப்பு, நினைவகத்தில் நூறு கோடிச் சொற்களாக விரிந்து சர்வரையே முடக்கிவிடும்.

யாமல் என்ற இன்னோர் எழுத்து வடிவத்தைச் செயலிகளுக்கிடையே அனுப்புவதை நான் ஆதரிப்பதில்லை. மனிதர் கையால் எழுதும் அமைப்புக் கோப்புகளுக்கு அது நன்று. மேற்கோள் குறி இல்லாமல் எழுதிய நார்வேயின் இரண்டெழுத்து நாட்டுக் குறியீடான NO-வை 'இல்லை' என்று புரிந்துகொள்ளும் பழைய பார்சர்கள் இன்னும் புழக்கத்தில் உள்ளன.

கூகுள் 2008இல் திறந்த மூலமாக வெளியிட்ட ப்ரோட்டோகால் பஃபர்ஸ் என்ற பைனரி தரவு வடிவம் இதற்கு நேர்மாறான பாதையில் போகிறது. ஸ்கீமா இல்லாமல் அதைச் சரியாகப் புரிந்துகொள்ளவே முடியாது. புலங்களின் பெயருக்குப் பதில் எண்தான் போகும், ஒன்றாம் புலத்தில் 150 என்ற மதிப்பு வெறும் மூன்று பைட்டில் அடங்கிவிடும். ஊகத்துக்கு இடமே இல்லை என்று நினைத்துத்தான் அதற்கு நான் போனேன். ஆனால் அதன் மூன்றாம் பதிப்பு வந்தபோது, சாதாரண எண் புலத்தில் சுழியம் அனுப்பப்பட்டதா, எதுவுமே அனுப்பப்படவில்லையா என்று பிரித்தறிய வழி இல்லாமல் இருந்தது. விருப்பப் புலம் என்ற குறிப்பைப் பின்னர் திரும்பக் கொண்டுவந்தார்கள். அதையே ஜேசனாக மாற்றும்போது 64 பிட் முழு எண்களை எழுத்துச் சரமாக எழுத வேண்டும் என்று அதன் விதி சொல்கிறது.

இப்போது புதிய இணைப்பு ஒன்றைத் தொடங்கினால், நிரல் எழுதும் முன்பே எதிர்ப்பக்கத்தாருக்கு ஒரு மாதிரிக் கோப்பை அனுப்பி, அதைப் படித்துத் திருப்பி அனுப்பச் சொல்கிறேன். அதில் சரக்கே இல்லாத ஓர் ஆர்டரும், ஒரே சரக்குள்ள ஓர் ஆர்டரும், 18 இலக்க அடையாள எண்ணும், சுழியத்தில் தொடங்கும் வாடிக்கையாளர் எண்ணும், 'நல்' ஆன தொலைபேசியும், இரட்டை மேற்கோளும் காற்புள்ளியும் கலந்த முகவரியும், தமிழில் எழுதிய ஒரு பெயரும் இருக்கும். சென்ற முறை திரும்பி வந்த கோப்பில் மற்ற எல்லாம் சரியாக இருந்தன. வாடிக்கையாளர் எண்ணின் முதல் சுழியம் மட்டும் காணாமல் போயிருந்தது.