வலென்ஷியா தீவில் நாலு நாள்: கடலைப் பார்த்துத் திட்டம் போடுங்கள்

அயர்லாந்தின் தென்மேற்கு முனையில், கெர்ரி மாவட்டத்தில், கரையை ஒட்டிக் கிடக்கிறது வலென்ஷியா தீவு. நீளம் சுமார் 11 கிலோமீட்டர், அகலம் 3. காரில் ஒரு மணி நேரத்தில் சுற்றிவிடலாம் என்று நினைத்து ஒரே நாள் ஒதுக்குகிறார்கள். அந்த ஒரு நாளில் மேகம் இறங்கிவிட்டால் பார்த்ததாகச் சொல்ல எதுவும் இருக்காது. குறைந்தது நாலு நாள் வேண்டும். எந்த நாளில் எதைப் பார்ப்பது என்பதைக் காற்றிடமும் அலையிடமும் விட்டுவிட வேண்டும்.

கில்லார்னியிலிருந்து காரில் ஒன்றரை மணி நேரம். இடது பக்கம் ஓட்டும் நாடு என்பதால் நமக்குப் பெரிய குழப்பம் இல்லை. வாடகைக் கார்களில் பெரும்பாலானவை கியர் வண்டிகள். ஆட்டோமேட்டிக் வேண்டுமென்றால் முன்கூட்டியே கேட்டு வைக்க வேண்டும். சின்ன வண்டியாக எடுங்கள். இருபுறமும் கல்சுவர், நடுவே ஒன்றரை வண்டி அகலத்தில் சாலை. அடிபடுவது பெரும்பாலும் பக்கக் கண்ணாடியும் டயரும்தான். சாதாரணக் காப்பீட்டில் பல நேரம் விடுபட்டுப் போவதும் அவை இரண்டுதான். கையெழுத்துப் போடும் முன் கேட்டுவிடுங்கள்.

தீவுக்கு இரண்டு வழி. போர்ட்மகீ ஊரிலிருந்து பாலம் எப்போதும் திறந்திருக்கும். கோடையில் எதிர்க்கரையின் ரீனார்ட் பாயிண்டிலிருந்து தீவிலுள்ள நைட்ஸ்டவுனுக்குக் கார் ஏற்றும் படகும் ஓடும். ஐந்து நிமிடப் பயணம், முன்பதிவு இல்லை, வரிசையில் நின்றால் போதும். பெட்ரோலும் மளிகையும் தீவுக்கு முன்னால் வரும் காஹர்சைவீன் ஊரிலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

பலரும் இங்கே வருவது ஸ்கெல்லிக் மைக்கேலுக்காக. கரையிலிருந்து சுமார் 12 கிலோமீட்டர் தள்ளி, கடலிலிருந்து 218 மீட்டர் உயரத்துக்குக் குத்திட்டு நிற்கும் பாறை அது. ஆயிரத்துச் சொச்சம் ஆண்டுகளுக்கு முன் துறவிகள் சுண்ணாம்புச் சாந்து இல்லாமல் கல்லை அடுக்கிக் கட்டிய தேன்கூட்டு வடிவக் குடில்கள் இன்னும் மழை ஒழுகாமல் நிற்கின்றன. 1996-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. அந்தப் பாறையில் ஆட்களை இறக்க அனுமதி பெற்ற படகுகள் மிகக் குறைவு, ஒவ்வொன்றிலும் 12 பேர்தான். மே நடுவிலிருந்து செப்டம்பர் இறுதி வரைதான் இறக்குவார்கள். கோடைக்கான இடங்கள் பல மாதம் முன்பே தீர்ந்துவிடும்.

சீட்டு கையில் இருந்தாலும் படகு கிளம்பும் என்று உறுதி இல்லை. வானம் பளிச்சென்று இருக்கும், காற்றே இருக்காது, ஆனாலும் படகோட்டி காலையிலேயே ரத்து செய்திருப்பார். காரணம், எங்கோ நடு அட்லாண்டிக்கில் அடித்த புயலின் அலை இரண்டு நாள் கழித்து இங்கே வந்து சேர்வது. குமரிக் கரையில் கள்ளக்கடல் என்கிறார்களே, அதே கதைதான். ஸ்கெல்லிக்கின் படகுத்துறையில் ஒரு மீட்டர் ஏறி இறங்கும் படகிலிருந்து ஈரப் படியில் கால் வைக்க வேண்டும். அலை கொஞ்சம் கூடினாலும் அது முடியாது. ஆகவே படகுப் பயணத்தை விடுமுறையின் முதல் நாளிலேயே வையுங்கள். ரத்தானால், பின்னால் வரும் நாட்களில் காலி இடம் கேட்கலாம். கடைசி நாளில் வைத்தால் அந்த வழியும் அடைபட்டுவிடும்.

மேலே ஏற 618 கற்படிகள். கைப்பிடி கிடையாது, கழிப்பறை கிடையாது, ஒதுங்க இடமும் கிடையாது. 2009-இல் விழுந்து இறந்தவர்கள் உண்டு. உயரத்தில் தலை சுற்றுபவர்களும் முழங்கால் வலி உள்ளவர்களும் இறங்காமல் பாறையைச் சுற்றிவரும் படகில் போவதே நல்லது; அதை இரண்டாம் தரம் என்று நினைக்க வேண்டாம். ஆயிரக்கணக்கான கேனட் பறவைகளால் வெள்ளையாகத் தெரியும் லிட்டில் ஸ்கெல்லிக்கை அந்தப் படகிலிருந்தும் அருகில் பார்க்கலாம். பஃபின் எனும் கடற்பறவைகளைப் பார்க்க ஆகஸ்ட் தொடக்கத்துக்குள் வர வேண்டும். அதன்பின் அவை கடலுக்குப் போய்விடும். குமட்டலுக்கான மாத்திரையைப் படகில் ஏறி ஆட்டம் தொடங்கியபின் விழுங்கிப் பயனில்லை. அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும். குடை எதற்கும் உதவாது, காற்று மடக்கிவிடும். தொப்பி வைத்த மழைச் சட்டையும் மழைக் கால்சட்டையும் வேண்டும்.

கடல் ஒத்துவராத நாட்களுக்கு வலென்ஷியா தீவிலேயே வேலை இருக்கிறது. வடகரையில் ஒரு பாறைத்தளத்தில் 35 முதல் 38.5 கோடி ஆண்டுகள் பழைய காலடித் தடங்கள் இருக்கின்றன. நீரிலிருந்து நிலத்துக்கு வரத் தொடங்கிய நான்கு கால் உயிரினம் ஒன்று, சுமார் ஒரு மீட்டர் நீளம் இருந்திருக்கும், ஆற்று வண்டலில் நடந்துபோன தடம். 1990-களின் தொடக்கத்தில் ஒரு புவியியல் மாணவர் கண்டுபிடித்தார். நேரம் தெரியாமல் போகிறவர்கள் "ஒன்றுமே இல்லையே" என்று திரும்புகிறார்கள். உச்சி வெயிலில் ஆழமற்ற குழிகளில் நிழல் விழாது, கண்ணுக்குப் படாது. சூரியன் தாழ்ந்திருக்கும் காலையிலோ மாலையிலோ போனால் இணை இணையாகக் குழிகள் பாறையில் எழுந்து நிற்கும். ஜூனில் பத்து மணிக்குத்தான் பொழுது சாய்கிறது. இரவு உணவுக்குப் பின் கிளம்பினாலும் போதும். பாறையின் மேல் மிதிக்காதீர்கள். அலை பெரிதாக இருந்தால் கீழ் விளிம்புக்கும் போகாதீர்கள்.

மேற்கு முனையில் பிரே ஹெட். நெப்போலியன் காலத்துக் காவல் கோபுரம் வரை ஏறினால் இரண்டு ஸ்கெல்லிக்குகளும் எதிரே. போக வர ஒன்றரை மணி நேரம். வேலி இல்லாத செங்குத்துப் பாறை, குழந்தைகளின் கையை விடக்கூடாது. இதன் அடிவாரத்தில் ஃபாய்லஹாமரம் குடாவிலிருந்துதான் 1866-இல் 'கிரேட் ஈஸ்டர்ன்' கப்பல் அட்லாண்டிக்கின் அக்கரையில் உள்ள நியூஃபவுண்ட்லாந்துக்குக் கடலடித் தந்திக் கம்பி இழுத்துச் சென்றது. 1858-இல் போட்ட முதல் கம்பியில் விக்டோரியா அரசியின் 98 சொற்கள் போய்ச்சேர 16 மணி நேரம் பிடித்தது. அளவுக்கு மீறிய மின்னழுத்தம் கொடுத்ததில் அது மூன்று வாரத்திலேயே செத்துப்போனது. தீவின் தந்தி நிலையம் 1966 வரை இயங்கியது. ஜியோகான் மலைக்கு, 266 மீட்டர், கட்டணம் கட்டிக் காரிலேயே ஏறலாம். உச்சியில் மேகம் தெரிந்தால் பணம் வீண்.

எதிர்க்கரையில் ஸ்கெல்லிக் ரிங் சாலை. சுற்றுலாப் பேருந்துகள் நுழைய முடியாத அளவு குறுகல், அதனாலேயே அமைதி. செயின்ட் ஃபினியன் குடாவின் மணல் ஆசை காட்டும். ஆனால் நீரோட்டம் கடலுக்குள் இழுக்கும், நீந்த வேண்டாம். குளிக்க பாலின்ஸ்கெல்லிக்ஸ் கடற்கரை இருக்கிறது. ஸ்கெல்லிக்கை விட்டு வந்த துறவிகள் குடியேறிய மடத்தின் இடிபாடும் அங்கேதான். ஐரிஷ் பேசும் வட்டாரம் என்பதால் பலகைகளில் ஐரிஷ் பெயர் மட்டுமே இருக்கும். கிளம்பும் முன் வரைபடத்தில் அந்தப் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள்.

திரும்பும்போது கடைசிக் கார்ப்படகின் நேரத்தைத் துறையில் ஒட்டியிருக்கும் தாளில் பாருங்கள். தவறவிட்டாலும் பயமில்லை. போர்ட்மகீ பாலம் வழியாகச் சுற்றி வந்தால் அரை மணி நேரம் கூடுதலாகும்.