ஹாலிலிருந்து மணலுக்கு

சிங்கப்பூர் சிலோசோ கடற்கரையில் பீச் வாலிபால் ஆட வர்ற ஹால் (உள்ளரங்க) வாலிபால் ஆட்டக்காரர்களை உடனே கண்டுபிடிச்சிடலாம். விரல் நுனியால பந்தை வலைக்கு மேல தட்டிவிடுவாங்க. மணல்ல அது ஃபவுல். விரல் மூட்டாலயோ உள்ளங்கை அடிப்பகுதியாலயோதான் தள்ளணும். பிளாக்ல (எதிரணி அடிக்கிற பந்தை வலைகிட்ட கையால மறிக்கிறது) கை பட்டாலே மூணு தொடுதல்ல ஒண்ணு போச்சு, மீதி ரெண்டுதான்.

ஹால் பந்தைக் கொண்டுவராதீங்க. பீச் பந்துக்குக் காற்றழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 0.175–0.225 கிலோ, ஹால் பந்துக்கு 0.30-க்கு மேல.

16க்கு 8 மீட்டர் களம், அணிக்கு ரெண்டே பேர், மாற்று ஆள் கிடையாது. தொழிலா எடுக்க நினைக்கிற தம்பி தங்கச்சிங்க முதல்ல நல்ல ஜோடியைத் தேடுங்க, ஸ்பான்சர் அப்புறம். பீச் புரோ டூர்ங்கிற சர்வதேசப் போட்டித் தொடர்ல, கீழிருந்து மேலா ஃபியூச்சர்ஸ், சேலஞ்ச், எலைட்னு மூணு படி. கீழ்ப்படி பரிசுப்பணம் பெரும்பாலும் விமான டிக்கெட்டுக்கே பத்தாது (வீட்டுல முன்னாடியே சொல்லிடுங்க).