ஹெட் கேஸ்கெட்டை மாற்றுவதற்கு முன்

எண்ணூர் நெடுஞ்சாலையில் துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே, மே மாத வெயிலில் ஏசியைப் போட்டுக்கொண்டு ஒரு கார் நின்றால், அதன் ரேடியேட்டருக்குக் காற்றைத் தருவது மின்விசிறி மட்டுமே. அந்த விசிறிக்கு மின்சாரத்தை விடும் சுவிட்சான ரிலே பழுதாகியிருப்பது ஓடும் வண்டியில் தெரியாது. நெரிசலில் நிற்கும்போதுதான் தெரியும். திருவொற்றியூர், தண்டையார்பேட்டைப் பட்டறைகளில் எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டைக் கழற்றி வைத்திருக்கும் வண்டிகளைப் பார்க்கும்போதெல்லாம், கேஸ்கெட் எதனால் போனது என்று கேட்பது என் வழக்கம். "ஹீட் ஆயிடுச்சு சார்" என்பதே பெரும்பாலும் பதில். ஏன் சூடானது என்ற அடுத்த கேள்விக்குப் பதில் கிடைக்காத பட்டறையில் நான் என் வண்டியை விடுவதில்லை. ஏனெனில் அங்கே மாட்டப்படும் புதிய கேஸ்கெட்டும் பழையது போன வழியிலேயே போகும்.

சிலிண்டர்கள் அமைந்த பிளாக்குக்கும் வால்வுகள் அமைந்த ஹெட்டுக்கும் இடையில் அழுந்திக் கிடக்கும் மெல்லிய தகடுதான் ஹெட் கேஸ்கெட். அதன் ஒரு விளிம்பில் 2,000 டிகிரி செல்சியஸைத் தாண்டும் வெப்பத்தோடு எரியும் வாயு முட்டுகிறது. சில மில்லிமீட்டர் தள்ளி எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் ஓடுகிறது. இன்னும் சற்றுத் தள்ளி ஆயில் மேலேறுகிறது. இவை மூன்றும் கலந்துவிடாமல் காப்பதே அதன் வேலை. முன்பு கல்நார் வைத்தும் பிறகு கிராஃபைட் வைத்தும் செய்யப்பட்ட இது, இன்றைய கார்களில் பெரும்பாலும் பல அடுக்கு எஃகுத் தகடாக வருகிறது.

பழைய அம்பாசடரின், பிரிட்டனின் பி.எம்.சி. கார் நிறுவன வழிவந்த எஞ்சினில் பிளாக், ஹெட் இரண்டும் வார்ப்பிரும்பு என்பதால் சூட்டில் இரண்டும் ஒரே அளவில் விரிந்தன. இன்றைய ஹெட் அலுமினியம். ஒரே சூட்டில் அலுமினியம் வார்ப்பிரும்பைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். அளவு மீறிச் சூடான ஹெட் விரிய முயல, போல்ட்டுகள் அதை இறுக்கிப் பிடிக்க, கடைசியில் ஹெட் வளைகிறது. அழுத்தம் குறைந்த இடத்தில், பெரும்பாலும் இரண்டு சிலிண்டர்களுக்கு இடைப்பட்ட குறுகிய பகுதியில், கேஸ்கெட் வழிவிடுகிறது.

எங்கள் பகுதிக்கே உரிய இன்னொரு காரணம் தண்ணீர். இங்கிருந்து மீஞ்சூர் வரை நிலத்தடி நீரில் கடல்நீர் கலந்திருப்பது ஊரறிந்த செய்தி. அந்தப் போர் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றினால், உப்பு குறுகிய குழாய்களில் படிந்து அடைப்பதோடு, நீர்வழித் துளைகளைச் சுற்றியுள்ள அலுமினியத்தையும் அரித்துக் குழியாக்கும். குழி விழுந்த பரப்பில் எந்தக் கேஸ்கெட்டும் உட்காராது. கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் சரிபாதியாகக் கலந்து ஊற்றுவதும், வண்டியின் கையேடு சொல்லும் காலத்தில் அதை மாற்றுவதும்தான் இந்தக் கேஸ்கெட்டுக்கு நாம் செய்யக்கூடிய பராமரிப்பு. ரேடியேட்டர் மூடியையும் மலிவாக எண்ணக் கூடாது. அது ஏறக்குறைய 1 பார் அழுத்தத்தைத் தாங்கி நிற்பதால்தான் உள்ளே இருக்கும் நீர் 100 டிகிரியில் கொதிக்காமல் 120 டிகிரி வரை தாக்குப்பிடிக்கிறது.

"நம்ம ஊரு வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் எதுக்கு?" என்று, கூலன்ட் சூடேறும்வரை ரேடியேட்டருக்கான வழியை அடைத்து வைக்கும் அந்த வால்வைக் கழற்றி எறியும் பழக்கம் இங்கே பரவலாக இருக்கிறது. இதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். பல எஞ்சின்களில் சூடேறியதும் பைபாஸ் வழியை மூடுவதும் அந்தத் தெர்மோஸ்டாட்டேதான். அது இல்லாவிட்டால் கூலன்ட்டில் ஒரு பகுதி ரேடியேட்டருக்கே போகாமல் எஞ்சினுக்குள்ளேயே சுற்றி வரும்.

வெளியே கசிவில்லாமல் கூலன்ட் குறைவது, காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு சிலிண்டர் தடுமாறுவது, எஞ்சின் சூடேறிய பிறகும் நிற்காத வெள்ளைப் புகை, ஆறிய எஞ்சினை இயக்கிய சிறிது நேரத்திலேயே ரேடியேட்டரின் மேல் ஹோஸ் கல்லாக இறுகுவது ஆகியவை கேஸ்கெட்டைச் சந்தேகிக்கத் தக்க அறிகுறிகள். ஆயில் மூடியின் அடியில் மட்டும் பால் காபி நிறத்தில் படிந்திருப்பதை வைத்து முடிவுக்கு வரக் கூடாது. குறைந்த தூரமே ஓடும் வண்டியில் ஈரம் சேர்ந்தும் அப்படி ஆகும். ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கிலும் அதே நிறம் தெரிந்தால்தான் கவலை. ஹெட்டைக் கழற்றுவதற்கு முன், ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளக்கும் கம்ப்ரஷன் சோதனை செய்யச் சொல்லுங்கள். ரேடியேட்டர் வாயில் வைத்துச் சோதிக்கும் நீல நிறத் திரவம் மஞ்சளாக மாறினால், எரிந்த வாயு கூலன்ட்டில் கலக்கிறது என்று பொருள்.

கழற்றும்போதும் அதன் பிறகும் நடப்பதில்தான் வேலையின் தரம் தெரியும். ஹெட் முழுதாக ஆறிய பின்பே போல்ட்டுகளைத் தளர்த்த வேண்டும். அடிப்பரப்பில் நேர்விளிம்புச் சட்டத்தை வைத்து, இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜால் நீளவாக்கிலும் குறுக்காகவும் மூலைவிட்டமாகவும் அளக்க வேண்டும். பல எஞ்சின்களில் 0.05 மில்லிமீட்டர் வளைவே எல்லை. அதைத் தாண்டினால், பரப்பைச் சமமாகச் சீவும் ஃபேஸிங்குக்கு அனுப்ப வேண்டும். அனுப்பும்போதே விரிசலுக்கான பிரஷர் டெஸ்டையும் செய்துவிடுவது நல்லது. பழைய கேஸ்கெட்டின் ஒட்டலைக் கிரைண்டரில் எமரி மாட்டித் தேய்ப்பவர்களைத் தடுத்தே ஆக வேண்டும்: பரப்பில் பள்ளம் விழும், உதிரும் துகள் ஆயில் வழியாகப் பேரிங்குக்குப் போகும். பிளாக்கின் போல்ட் துளைகளில் தேங்கிய ஆயிலையும் நீரையும் காற்றடித்து வெளியேற்றாமல் முடுக்கினால், அடைபட்ட திரவமே பிளாக்கைப் பிளக்கும்.

போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, கையேட்டில் உள்ள வரிசைப்படி, பல கட்டங்களாக, முடுக்கும் விசையை அளக்கும் டார்க் ரெஞ்சால் முடுக்க வேண்டும். கடைசிக் கட்டத்தில் கோணக் கணக்கில், 90 டிகிரி என்பதுபோல், திருப்பச் சொல்லியிருந்தால் அவை பெரும்பாலும் நீண்டுகொடுக்கும் வகைப் போல்ட்டுகள். மறுமுறை பயன்படுத்தலாம் என்று கையேடு சொல்லாதவரை அவற்றைப் புதிதாக வாங்கிவிடுங்கள். டீசல் எஞ்சினாக இருந்தால், பிஸ்டன் மேலே நீட்டிக்கொண்டிருக்கும் அளவுக்கு ஏற்ப கேஸ்கெட்டின் தடிமன் மாறும். விளிம்பில் உள்ள வெட்டுகளையோ துளைகளையோ எண்ணி, உரிய தடிமனையே கடையில் கேட்க வேண்டும்.

எல்லாம் மாட்டியபின் கூலன்ட் வழியிலுள்ள காற்றை வெளியேற்ற வேண்டும். பழைய ஆயிலில் நீர் கலந்திருந்தால், புதிய ஆயிலும் ஃபில்டரும் போட்டுச் சில நூறு கிலோமீட்டர் ஓட்டிய உடனே அவற்றை மீண்டும் மாற்றிவிட வேண்டும். முதல் ஆயில், உள்ளே எஞ்சிய ஈரத்தைத் துடைத்தெடுப்பதற்கு மட்டுமே.