கிரீன் கார்டுக்காக வந்தவளும் அம்மாபேட்டைப் பொண்ணும்

கல்யாணத்துக்காக அமெரிக்கா வருபவர்களைக் காட்டும் '90 டே ஃபியான்சே' டிவி நிகழ்ச்சியைப் பார்க்கும் சேலத்து அத்தைகளிடம் தீர்ப்பு தயாராக இருக்கும். இருபது வயது மூத்தவனைக் கட்டிக்கொள்ள வந்து, செலவுக்கு அவனிடமே கை நீட்டி நிற்கும் பெண்ணைப் பார்த்ததும், "கிரீன் கார்டுக்காகத்தான் வந்திருக்கா" என்பார்கள். அதே மூச்சில், சேலம் அம்மாபேட்டையிலிருந்து அமெரிக்காவுக்குக் கட்டிக்கொடுத்த பெண்ணைப் பற்றி அடுத்த வாக்கியம்: "நம்ம பொண்ணுக்கு ஒரு குறையும் இல்ல, எல்லாம் மாப்பிள்ளையே பார்த்துக்கறாரு." அந்த 'எல்லாம்' என்பதில் அவளுடைய பாஸ்போர்ட்டும் அடக்கம்.

டிவியில் வருபவள் கே-1 விசாக்காரி, அதாவது அமெரிக்கரைக் கட்டிக்கொள்ள வருபவருக்கான விசா. வந்த 90 நாளுக்குள் கல்யாணம் முடிய வேண்டும். முதலில் கிடைப்பது இரண்டு வருட நிபந்தனை கிரீன் கார்டு. நிபந்தனையை நீக்க இருவரும் சேர்ந்து ஐ-751 என்ற விண்ணப்பம் போடுவார்கள். விவாகரத்தோ கொடுமையோ என்றால் அவள் தனியாகவும் போடலாம். அவளைப் பண விஷயத்தில் தாங்குவேன் என்று அவன் கையெழுத்திடும் ஐ-864 ஆதரவுப் பத்திரம் விவாகரத்தாலும் ரத்தாகாது.

அம்மாபேட்டையிலிருந்து எச்-4இல், அதாவது மனைவிக்கான சார்பு விசாவில், வந்தவளுக்கு இதில் எதுவும் இல்லை. அவள் இருப்பே கணவனின் எச்-1பி வேலை விசாவில் தொங்குகிறது. விவாகரத்தானால் எச்-4 போச்சு. 2015 மே 26 முதல் வேலை அனுமதி கேட்க வழி உண்டு. ஆனால் பெரும்பாலும் அவனுடைய கிரீன் கார்டுக்குக் கம்பெனி போடும் ஐ-140 மனு ஒப்புதலான பிறகுதான், அதுவும் அவன் கம்பெனி மனசு வைத்துப் போட்டால்தான். கொடுமை என்றால் வேலை அனுமதி கேட்க ஐ-765வி என்று தனி விண்ணப்பம் இருக்கிறது; பல வீடுகளில் அந்தப் பெயரே தெரியாது.

ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவையும் ஸ்கூட்டியில் ஏறியவள், இங்கே பால் வாங்க சனிக்கிழமைக்காகக் காத்திருக்கிறாள். பஸ் இல்லாத ஊர், கையில் லைசென்ஸ் இல்லை. பழகிடுச்சு என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். மே மாதம் பிறந்தால் மனசு மல்கோவாவுக்கும், பீட்ரூட் துருவலும் காரச் சட்னியும் வைத்த தட்டுவடை செட்டுக்கும் ஓடிவிடும்.

ஆகவே லைசென்ஸ்தான் முதல் வேலை. எச்-4இல் வேலை அனுமதி வரும்வரை சோஷியல் செக்யூரிட்டி எண் கிடைக்காது. லைசென்ஸுக்குக் கேட்கும் அந்த அரசு எண் இல்லையே என்று பலர் அதோடு நிறுத்திவிடுகிறார்கள். பல மாநிலங்களில், 'எண் பெறத் தகுதியில்லை' என்று சோஷியல் செக்யூரிட்டி அலுவலகம் தரும் கடிதமே போதும். கூடவே பாஸ்போர்ட், அமெரிக்காவுக்குள் நுழைந்ததற்கான ஐ-94 பதிவின் பிரதி, முகவரிச் சான்று. அடுத்தது ஜாயின்ட் அக்கவுண்ட். எண் இல்லாமலே பாஸ்போர்ட்டை வைத்துத் திறக்கும் வங்கிகள் உண்டு. கார்டு அவள் பர்ஸில் இருக்க வேண்டும், அவன் டிராயரில் அல்ல.

இதற்கெல்லாம் அடிப்படை கல்யாணச் சான்றிதழ். நம்ம ஊரிலும் ஒரு 90 நாள் கணக்கு இருக்கிறது: தமிழ்நாட்டின் 2009 திருமணப் பதிவுச் சட்டப்படி, கல்யாணமாகி அதற்குள் பதிவு செய்ய வேண்டும், தவறினால் அடுத்த 60 நாளுக்குள் கூடுதல் கட்டணத்தோடு. மாப்பிள்ளைக்கு லீவு குறைவு என்று அவசரத்தில் போடும்போது, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாகவும் சான்றிதழில் வெறும் இனிஷியலாகவும் விழுந்துவிடும். சார்பதிவாளர் ஆபீசை விட்டுக் கிளம்பும் முன்பே எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்த்துவிடுங்கள்.

அத்தைகளே, "சாப்டியாம்மா" என்று கேட்ட கையோடு, "பாஸ்போர்ட் யார்கிட்ட இருக்கு?" என்றும் கேட்டுவையுங்கள். மாப்பிள்ளை பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்து.