அதிபர் அல்ல, பொதுச் செயலாளர்

1982 நவம்பர் 12. நாளிதழ் ஒன்றின் செய்திப் பிரிவில் நான் சேர்ந்து நாலு மாதம்கூட ஆகவில்லை. இரவு டியூட்டி. சோவியத் கம்யூனிஸ்ட் கட்சியின் தலைமையில் இருந்த பிரெஷ்னெவ் இறந்துபோக, அவர் இடத்துக்கு ஆந்திரபோவ் தேர்வாகிவிட்டார் என்று டெலிபிரிண்டரில் செய்தி வந்தது. தாளைக் கிழித்தெடுத்து, 'ரஷ்யாவின் புதிய அதிபர் ஆந்திரபோவ்' என்று விறுவிறுவெனத் தலைப்பு எழுதி நீட்டினேன்.

சீஃப் சப், அதாவது தலைமைத் துணையாசிரியர், 'அதிபர்' என்ற சொல்லைச் சிவப்பு மையில் சுழித்தார். "தம்பி, இதுல பிரசிடென்ட்னு எங்க இருக்கு? கட்சிக்குப் பொதுச் செயலாளர் ஆகியிருக்கார், அவ்வளவுதான்."

"நாட்டையே ஆளப்போறவர் சார். செயலாளர்னு போட்டா சின்னப் பதவியாத் தெரியாதா?"

"அண்ணா இருந்தப்ப தி.மு.க.வுக்குத் தலைவர் யாரு?"

பெரியாருக்காக அந்த நாற்காலியைக் காலியாக விட்டிருந்தார்கள். அண்ணா பொதுச் செயலாளர். நம் வாசகருக்கு இந்தச் சொல்லின் எடை நன்றாகவே தெரியும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அப்புறம் கிடைத்ததையெல்லாம் படித்தேன். 1922 ஏப்ரலில் ஸ்டாலினிடம் இந்தப் பதவி வந்தபோது அது கிட்டத்தட்ட அலுவலக வேலை. கோப்பு, கூட்டம், எந்த மாவட்டத்துக்கு யார் செயலாளர் என்கிற நியமனம். ஆனால் அந்த மாவட்டச் செயலாளர்கள் கைகாட்டியவர்கள்தான் மாநாட்டுக்குப் பிரதிநிதிகளாக வந்தார்கள். மாநாடு மத்தியக் குழுவைத் தேர்ந்தெடுத்தது, மத்தியக் குழு பொதுச் செயலாளரைத் தேர்ந்தெடுத்தது. யாரை அவர் நியமித்தாரோ அவர்களே சுற்றி வந்து அவரைத் தாங்கினார்கள். அளவற்ற அதிகாரம் ஸ்டாலின் கையில் குவிந்துவிட்டது என்று லெனின் அந்த டிசம்பரிலேயே எழுதினார்; ஜனவரியில் அவரை மாற்றச் சொன்னார். நடக்கவில்லை. அதற்குப் பின் அந்த நாட்டு மக்கள் பட்டதை நினைத்தால், நியமனப் பட்டியல் என்ற சொல்லே இன்றும் என்னைப் பயமுறுத்துகிறது.

1975இல் ஹெல்சின்கி ஒப்பந்தத்தில் சோவியத் நாட்டுக்காகக் கையெழுத்துப் போட்ட பிரெஷ்னெவ், அன்று நாட்டின் தலைவர் அல்ல. அந்தப் பதவி போத்கோர்னியிடம் இருந்தது. ஆந்திரபோவுக்கும் அது 1983 ஜூனில்தான் கிடைத்தது.

பொதுச் செயலாளர் ஒருவர் இறந்தால், இறுதிச் சடங்குக் குழுவுக்கு யார் தலைவர் என்று முதலில் பார்க்கக் கற்றுக்கொண்டேன்; அவர்தான் அடுத்த பொதுச் செயலாளர். பிரெஷ்னெவுக்கு ஆந்திரபோவ், ஆந்திரபோவுக்குச் செர்னென்கோ. 1985 மார்ச் 11இல் செர்னென்கோவின் சடங்குக் குழுவுக்குக் கோர்பச்சேவ் பெயர் வந்ததுமே அவரைப் பற்றிய குறிப்பை எழுதி அச்சுக்கோக்கக் கொடுத்துவிட்டேன். சில மணி நேரத்தில் தேர்வுச் செய்தி வந்தது.

1991 ஆகஸ்ட் 24 இரவு, புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் 'கோர்பச்சேவ் ராஜினாமா' என்று எழுதிக்கொண்டு வந்தார். அதிபராக அவர் அப்போதும் நீடித்தார்; விட்டது கட்சிப் பதவியை. 'பொதுச் செயலாளர் பதவியை' என்று நடுவில் சேர்த்தேன். தலைப்பு மூன்று பத்தி அகலத்தில் அடங்கவில்லை. சரி, எழுத்தைச் சிறிதாக்குங்கள், சொல்லை எடுக்க வேண்டாம் என்றேன்.