முதியோர் பிசியோதெரபி கிளினிக்குக்கு அரசு கிராண்ட் கேட்டு அப்ளிகேஷன் போட்ட அனுபவம், பதினாலு மாச அலைச்சல்

நேத்து சாயங்காலம்தான் இன்ஸ்பெக்‌ஷன் முடிஞ்சுது. சூடு ஆறுறதுக்குள்ள எழுதிடுறேன், கோத்தகிரி, குன்னூர், கூடலூர் பக்கம் எங்கள மாதிரி சின்னச் சின்ன சங்கம் நிறைய இருக்கு, இதைப் படிச்சு யாருக்காவது ஒரு நடை மிச்சமானா சந்தோஷம்.

எங்க சங்கத்துல முக்கால்வாசிப் பேரு தேயிலைத் தோட்டத்துல கொழுந்து எடுத்து ரிட்டயர் ஆன அம்மாமாருங்க. முப்பது நாப்பது வருஷம் சரிவுல நின்னு, மழையில நனைஞ்ச கூடையை முதுகுல தூக்குன உடம்பு, இப்போ முட்டியும் இடுப்பும் போயிடுச்சு. பிசியோதெரபிக்கு பஸ் ஏறி ஊட்டி போகணும், கட்டபெட்டு வளைவெல்லாம் தாண்டி போய்ட்டு வந்தா ரெண்டு நாளைக்கு எந்திரிக்க முடியாது, அதனால ஒரு தடவை போனவங்க மறு தடவை போறதே இல்ல. சமூக நீதி அமைச்சகத்தோட அடல் வயோ அப்யுதய் யோஜனாவுல, முதியோர் இல்லத்துக்கு மட்டும்தான் பணம் தருவாங்கன்னு நாங்க நினைச்சிட்டிருந்தோம், அதுல பிசியோதெரபி கிளினிக்கும் இருக்கு, மாசம் 50 பேருக்குக் கொறையாம பாக்கணும். 50 பேரு எங்க லைன்லயும் (தோட்டத்து வீட்டு வரிசையைத்தான் லைன்னு சொல்லுவோம்) பக்கத்து லைன்லயுமே இருக்காங்க. சரி போட்டுடலாம்னு இறங்கினோம்.

அந்த அமைச்சகத்தோட கிராண்டுக்கான இ-அனுதான் சைட்டுல அப்ளிகேஷன் போடணும்னா முதல்ல என்ஜிஓ தர்பன் நம்பர் வேணும், அது தொண்டு நிறுவனங்க பதிவு பண்ற அரசு சைட்டுல குடுக்குற நம்பர். அங்கேயே மூணு மாசம் போச்சு. சங்கத்தோட பேன் கார்டு நம்பர் கேக்குது, நிர்வாகிங்க மூணு பேரோட ஆதார், பேன் கேக்குது. போட்டா பேரு மேட்ச் ஆகலைன்னு வருது. என்னடான்னு பாத்தா ரிஜிஸ்ட்ரேஷன் சர்டிபிகேட்டுல "நல சங்கம்"னு இங்கிலீஷ்ல ரெண்டு வார்த்தையா இருக்கு, பேன் கார்டுல ஒட்டி ஒரே வார்த்தையா இருக்கு, பேங்க் பாஸ்புக்ல ஒரு ஹெச் கூடுதலா இருக்கு. இத்தனை வருஷமா ஒருத்தர் கண்ணுலயும் படல. பேன் திருத்தம் போட்டு, புது கார்டு வந்து, அதைக் கொண்டுபோய் பேங்க்ல மாத்தி முடிக்கறதுக்குள்ள ஒரு சீசனே முடிஞ்சிடுச்சு. தயவுசெஞ்சு வேற எந்த வேலையையும் தொடறதுக்கு முன்னாடி சர்டிபிகேட், பேன், பாஸ்புக் மூணையும் பக்கத்துல பக்கத்துல வச்சு எழுத்து எழுத்தா பாருங்க.

அடுத்தது ஓடிபி. செக்ரட்டரி அக்காவோட ஆதார்ல இருக்குற நம்பர் அவங்க மகனோடது, அவன் திருப்பூர்ல பனியன் கம்பெனியில இருக்கான், ஷிப்ட்ல போனை உள்ள எடுத்துட்டுப் போக விடமாட்டாங்க. எங்க லைன்ல டவர் சுத்தமா கிடையாது, மாரியம்மன் கோயிலுக்கு மேல ஒரு பாறை இருக்கு, அங்க நின்னாதான் ரெண்டு புள்ளி காட்டும். ஐப்பசி மழை, ஒரு கையில குடை, பாறை மேல லேப்டாப், நானு, தலைவர் அண்ணன், அக்கா மூணு பேரும். தலைவருக்கு ஓடிபி வந்துடுச்சு, எனக்கு வந்துடுச்சு, அக்கா மகனுக்குப் போன் போட்டா எடுக்கல, டைம் முடிஞ்சு மொத்தமும் முதல்ல இருந்து. நாலு நாள் இப்படியே போச்சு. அஞ்சாவது நாள் அக்காவே "தம்பி, என் பேருல ஒரு சிம் வாங்கிடலாம்டா"ன்னு சொல்லி, ஆதார் சென்டருக்குப் போய் கைரேகை வச்சு நம்பரை மாத்திட்டு வந்தாங்க. அறுபத்திரெண்டு வயசுல அவங்களுக்குன்னு முதல் போன் நம்பர் அது. அதை ஒரு பேப்பர்ல பெருசா எழுதி சாமி படத்துக்குப் பக்கத்துல ஒட்டி வச்சிருக்காங்க.

ஆடிட் ரிப்போர்ட்டைப் பத்தியும் சொல்லணும். எங்களுக்கு ரொம்ப வருஷமா கணக்குப் பாக்குறவர் கையெழுத்துப் போட்டு சீல் வச்சுக் குடுத்தாரு, யூடின் நம்பர் போடல, அது ஒவ்வொரு ரிப்போர்ட்டுக்கும் சிஏ எடுக்குற தனி அடையாள எண். 2019-ல இருந்து சிஏ கையெழுத்துப் போடுற ஆடிட் ரிப்போர்ட்டுல 18 இலக்க யூடின் இருக்கணும், வாங்கும்போதே பாத்துடுங்க. நாங்க பாக்காம அப்லோடு பண்ணி அது திரும்பி வந்துச்சு.

இனி எனக்கு வயித்தெரிச்சலான விஷயம். நிர்வாகிங்க மாறுனதுக்கு சங்கப் பதிவுல படிவம் 7 குடுத்து, விட்டுப்போன ரெண்டு வருஷ அறிக்கைத் தாக்கலையும் அபராதத்தோட கட்டிட்டோம், அது எங்க தப்பு, கொரோனா சமயத்துல விட்டுட்டோம். அதுக்கப்புறம் சங்கத்தோட துணை விதி, அதாவது பைலா, அதோட சான்றிட்ட நகல் வேணும்னு ஒரு ஆபீஸுக்குப் போனேன், எந்த ஆபீஸ்னு சொல்லல. முதல் தடவை போனப்ப செக்‌ஷன் பாக்குறவர் லீவு. ரெண்டாவது தடவை மண்சரிவுல ரோடு அடைச்சு, பஸ்ல ரெண்டரை மணி நேரம் உக்காந்து, மூணு மணிக்குப் போய்ச் சேர்ந்தா "காலையிலதான் மனு வாங்குவோம்"னாங்க. மூணாவது தடவை தலைவர் அண்ணனைக் கூட்டிட்டுப் போனேன், எழுபத்தொரு வயசு, மாடிப்படி ஏறி மூச்சு வாங்கிட்டு நிக்குறாரு, அந்த கிளார்க் தலையைக்கூட நிமித்தாம "ஆன்லைன்லதானே போடுறீங்க, இங்க எதுக்கு வந்து நிக்குறீங்க"ன்னு கேக்குறாரு. அண்ணன் ஒண்ணும் பேசல, கும்பிட்டுட்டு இறங்கிட்டாரு. அவரு கும்பிட்டதுதான் இன்னிக்கு வரைக்கும் எனக்கு ஆறல. வயசானவங்களுக்காக ஒரு வேலைக்கு வந்த வயசான மனுஷனுக்கு ஒரு நாற்காலி காட்டக்கூட அங்க ஆள் இல்ல.

அடுத்த திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாள்ல மனு குடுத்தோம், எந்தெந்த தேதியில வந்தோம், என்ன சொல்லி அனுப்புனாங்கன்னு எழுதி, பஸ் டிக்கெட்டையும் ஒட்டி. மனு நம்பர் குடுத்தாங்க. பத்து நாள்ல அதே ஆபீஸ்ல இருந்து போன் வந்துச்சு, நகல் ரெடின்னு! வாயால கேட்டுட்டுத் திரும்பி வராதீங்க, எழுத்துல குடுங்க, தபால் செக்‌ஷன்ல சீல் போட்டு ஒப்புகை வாங்குங்க.

மத்ததெல்லாம், வாடகை ஒப்பந்தம், பிஎஃப்எம்எஸ் (அரசுப் பணம் பேங்குக்கு வர்ற சிஸ்டம்) ரிஜிஸ்ட்ரேஷன், ஆண்டறிக்கை, ஸ்கேன் பண்றது, பெருசா தொந்தரவு இல்லாம முடிஞ்சுது.

பயனாளிங்க லிஸ்ட்தான் நான் கொஞ்சமும் எதிர்பாக்காத இடத்துல இடிச்சுது. அறுபது வயசு முடிஞ்சிருக்கணும். எங்க ஆளுங்க பாதிப் பேரு, இந்தியாவும் இலங்கையும் போட்ட சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்துல சிலோன்ல இருந்து வந்தவங்க, ஆதார் எடுக்க வந்தவங்க கண்ணால பாத்து ஒரு வருஷத்தைப் போட்டு, ஜனவரி ஒண்ணுன்னு எழுதிட்டுப் போயிட்டாங்க. எங்க சின்னம்மாவுக்கு ஆதார்ல 1969. முட்டி மடக்க முடியாம சுவத்தைப் பிடிச்சு நடக்குறாங்க, அவங்களை லிஸ்ட்ல இருந்து எப்படி எடுக்குறது? இதே மாதிரி ஏழு பேரு.

சின்னம்மா ரெண்டு நாள் யோசிச்சு, கட்டிலுக்கு அடியில இருந்த தகரப்பொட்டியைத் தொறந்தாங்க. உள்ள மஞ்சப்பைக்குள்ள பிளாஸ்டிக் கவர், கவருக்குள்ள எங்க அம்மாயியோட பழைய பாஸ்போர்ட், கண்டியில வாங்குனது. ஓரமெல்லாம் கரையான் தின்னிருக்கு. அம்மாயி போட்டோவுக்குக் கீழ பிள்ளைங்க பேரு வரிசையா, மையில எழுதுனது, அதுல மூணாவது பேரு சின்னம்மாவோடது, பொறந்த வருஷம் 1961. 1972-ல ராமேஸ்வரத்துல கப்பல் இறங்கி மண்டபம் கேம்ப்ல இருந்தப்ப அம்மாயி இதைச் சேலை முந்தானையில முடிஞ்சே வச்சிருந்ததா சின்னம்மா சொன்னாங்க. மத்த ஆறு பேரு வீட்டுலயும் கேட்டோம், நாலு பேருகிட்ட பாஸ்போர்ட்டோ ஃபேமிலி கார்டோ கிடைச்சுது, ரெண்டு பேருக்கு அரசு டாக்டர்கிட்ட வயசுச் சான்று வாங்கினோம். உங்க பக்கமும் தாயகம் திரும்பினவங்க இருந்தா பொட்டியைத் தேடச் சொல்லுங்க, லேமினேட் மட்டும் பண்ணிடாதீங்க, தாள் ஒட்டிக்கிட்டு எழுத்து போயிடும்.

நேத்து இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்த மேடம் ரெஜிஸ்டர் பாத்தாங்க, ரூம் அளந்தாங்க, லிஸ்ட்ல இருக்குற ஒவ்வொருத்தரையும் கூப்பிட்டுப் பேசினாங்க. சின்னம்மா முறை வந்தப்ப ஆதாரைப் பாத்துட்டு நிமிந்தாங்க, நான் பாஸ்போர்ட்டை நீட்டினேன். பக்கம் பக்கமா மெதுவா திருப்பிப் பாத்துட்டு, "இது ஒரிஜினல், பத்திரமா வைங்கம்மா, காப்பி மட்டும் போதும்"னு சொல்லி ஏழு பேரையும் லிஸ்ட்ல வச்சுட்டாங்க.

ஃபைல் இனிமே மாவட்டத்துல இருந்து மேல போகணும், அங்க இருந்து டெல்லி. பணம் வந்தா அதுக்குப் பாண்டு (உறுதிப் பத்திரம்) எழுதிக் குடுக்கணும், செலவு பண்ணிட்டு ஜிஎஃப்ஆர் 12-ஏ படிவத்துல யூசி, அதாவது பணத்தைச் சரியா பயன்படுத்துனதுக்கான சான்று, குடுக்கணும், அதுக்கு இப்பவே தனியா ஒரு வவுச்சர் ஃபைல் போட்டுட்டேன். காலையில டீ குடிச்சதும் பாறைக்கு ஏறி ஸ்டேட்டஸ் பாக்குறேன், எனக்கு முன்னாடியே அக்கா அங்க வந்து புது போனை வச்சுக்கிட்டு நிக்குறாங்க. யாராவது அப்ளிகேஷன் போடுறதா இருந்தா கேளுங்க, எங்க குறைதீர் மனுவையும் வயசு ஆதாரம் சேத்த லிஸ்ட் மாதிரியையும் தர்றேன்.